பென்சிலக்காவும் பதினோரு நாளும்

நாடாளுமன்றக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிப்டுக்கு எதிரே இருக்கும் நீளமான அறைதான் சுருக்கெழுத்துப் பிரிவு. அங்கே ஜன்னலை ஒட்டிய மேசையில் முப்பத்து நான்கு வருடங்களாக அவள் உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்ததும் ஆறு பென்சில்களைச் சீவி, ஒரு பழைய மாத்திரை டப்பாவில் நுனி மேலே தெரியும்படி நிறுத்திவிட்டுத்தான் கைப்பையைக் கழற்றி வைப்பாள். மற்றவர்கள் எல்லாரும் பேனாவுக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பாதிப் பேச்சில் மை நின்றுபோனால் அமைச்சர் காத்திருப்பாரா என்று அவள் கேட்பாள். வாசல் காவலர் முதல் குழுத் தலைவர்கள் வரை எல்லாருக்கும் அவள் பென்சிலக்கா.

சபையிலும் குழுக்களிலும் பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுப்பதுதான் அவள் வேலை. ஒருவருக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடம் எழுதியதும் எழுந்து மாடிக்கு ஓடி, கோடும் கொக்கியும் புள்ளியுமாக இருப்பதைச் சூடு ஆறுவதற்குள் டைப் அடித்துவிட வேண்டும். அதற்குள் கீழே அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் அவள் பேர் வாங்கியது வேகத்தால் இல்லை, சுத்தத்தால். உறுப்பினர்கள் பேசுவதை அப்படியே அச்சில் போட்டால் ஊர் சிரிக்கும். "வந்து... அதாவது... நான் என்ன சொல்ல வரேன்னா..." என்று மூன்று சுற்று சுற்றி வந்து அவர்கள் சொல்வதை அவள் ஒரே வரியில் இறக்கி வைத்துவிடுவாள். மறுநாள் அதைப் படிக்கும் உறுப்பினர், நாமா இவ்வளவு அழகாகப் பேசினோம் என்று பூரித்துப் போவார். ஆரம்பத்தில் டைப் அடிக்கும்போதுதான் களையெடுப்பாள். வருடங்கள் போகப் போக, எழுதும்போதே கை அதைச் செய்யப் பழகிவிட்டது. ஒருவர் ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னால் அவள் பென்சில் ஒரு தரம்தான் அசையும்.

அந்தப் பிரிவில் இதற்கு நேர்மாறாக ஒருவர் இருந்தார். காதில் விழுந்தது எல்லாமே அவருக்குப் பதிவு. இருமினாலும் எழுதுவார், நாற்காலி கிறீச்சிட்டாலும் எழுதுவார். ஒரு முறை நிதி மசோதா விவாதத்தில் '(அமைச்சர் தும்முகிறார்)' என்று அவர் எழுதியது யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிட்டது. அந்தத் தும்மல் மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று மறுநாள் எதிர்க்கட்சி விளக்கம் கேட்டது. அன்றோடு அவர் தும்மல்காரர் ஆனார்.

பதினான்கு வருடத்துக்கு முன் தும்மல்காரர் பதவி உயர்வுத் தேர்வு எழுதியபோது, அவருடைய தாளைத் திருத்தும் பொறுப்பு பென்சிலக்காவுக்கு வந்தது. அவள் இரண்டே வரி எழுதினாள்: 'வேகம் உண்டு. கூறியது கூறலைக் களையத் தெரியவில்லை.' பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே நாற்காலியில் அவள் எழ அவர் உட்கார, அவர் எழ அவள் உட்கார என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது. முகம் கொடுத்துப் பேசியது மட்டும் இல்லை.

வீட்டில் அவளும் தம்பியும்தான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு, அவனுக்குப் பத்து. பெண் கேட்டு வந்தவர்களிடம், "என்னோட இவனும் வருவான்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குக் கல்யாண வயது கடந்துவிட்டது. அதை அவள் குறையாகச் சொல்லிக் கேட்டவர் இல்லை. தம்பி லிப்ட் மெக்கானிக் ஆனான். நாற்பத்து மூன்று வயதுவரை எவளையும் ஏறெடுத்துப் பார்க்காதவன், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு லிப்ட் மாட்டப் போன இடத்தில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு நர்ஸை வெளியே எடுத்தான். எடுத்தவன் கையை விடவில்லை. கல்யாணம் அங்கேயே நடந்தது. பென்சிலக்கா நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வந்தாள். அவள் வாழ்க்கையில் அதுதான் நீளமான விடுப்பு.

மனைவி இங்கே வந்து சேர பர்மிட் கிடைத்தது. அதில் ஒரு கடைசி நாள் போட்டிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னதாகவே அவள் கப்பலில் வந்து இறங்கிவிட்டாள். இறங்கிய இடத்தில், பாதுகாப்பு விசாரணை, கொஞ்சம் உட்காருங்கள் என்று துறைமுகத்தை ஒட்டிய தங்கல் இல்லத்துக்குக் கூட்டிப் போனார்கள். சட்டப்படி அங்கே யாரையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அவளைப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை, உங்கள் பர்மிட் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பி ஒவ்வொரு நாளும் இல்லத்தின் வெளிக் கேட்டில் நின்றிருந்தான். ஒரு முறைகூட அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேல்முறையீடு செய்தான். இரண்டு நாளில் போகலாம் என்று சொல்லிவிட்டோம், சரியான தாள்களைக் காட்டாமல் தாமதித்தது அந்தப் பெண்தான், நாங்கள் யாரையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்ததே இல்லை என்று எல்லைத் துறை பதில் எழுதியது. பதினோரு நாள் வைத்தார்கள் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் என்று மேல்முறையீட்டு அலுவலகம் கேட்டது. பூட்டிய வீட்டுக்குள் இருந்தவள் எதைக் காட்டுவாள்? எட்டு மாதம் ஓடியது. கடைசி விசாரணைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி. அதிலும் தோற்றால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பம் போட முடியாது. தம்பி சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். இடுப்பில் பெல்ட்டுக்குப் புதுத் துளை போட்டிருப்பதைத் துணி துவைக்கும்போது அக்கா பார்த்தாள்.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அரசின் எல்லைக் கொள்கையை ஆராயும் நாடாளுமன்றக் குழு அன்று மூடிய அமர்வு வைத்திருந்தது. கடலோரக் காமிராக்களும் ரோந்துப் படகுகளும்தான் பொருள். தங்கல் இல்லத்தைப் பற்றிப் பேச்சு வராது என்று பென்சிலக்கா தயக்கம் இல்லாமல் தன் முறைக்குப் போய் உட்கார்ந்தாள். மூடிய அமர்வு என்றால் பத்திரிகையாளர் கிடையாது, ஒலிப்பதிவு கிடையாது. இயந்திரத்தின் வயரைப் பிடுங்கி மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிடுவார்கள். சுருக்கெழுத்தர் மட்டும்தான். உள்ளே கேட்டதை அச்சில் வரும்வரை வெளியே மூச்சு விடமாட்டேன் என்று வருடா வருடம் அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

குழுவின் தலைவர் அரசியலுக்கு வருவதற்கு முன் கணக்கு ஆசிரியை. இன்றைக்கும் அவரைக் கணக்கு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். எதிரே எல்லைத் துறை இயக்குநர். காமிராக் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னார். வெளியே யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் கொஞ்சம் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டார். பென்சிலக்காவின் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. வழக்கப்படி அடுத்த ஆளான தும்மல்காரர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாறும்போது ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பதற்காக அடுத்தவர் இரண்டு நிமிடம் முன்னதாக வந்துவிடுவது அங்கே வழக்கம். அதற்கு ஒட்டு நிமிடம் என்று பெயர். அந்த நேரத்தில் மற்றவர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா காது கொடுப்பார்கள்.

அப்போது டீச்சர் ஒரு கோப்பைப் பிரித்தார். தங்கல் இல்லத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வைத்ததே இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அது முழுக்க உண்மையா என்று கேட்டார். பொதுவாக அப்படித்தான் என்றார் இயக்குநர்.

"பொதுவா வேணாம். அதிகமா போனது எவ்வளவு? அதச் சொல்லுங்க."

இயக்குநர் பக்கத்தில் இருந்த தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு, ஒளித்து என்ன ஆகப் போகிறது என்பதுபோல் தோளைக் குலுக்கினார். "புருஷனோட சேர வந்த ஒரு பொண்ணு. அது ஒண்ணு மட்டும் பதினோரு நாள் போயிடுச்சு. ஆமா, பதினோரு நாள்."

எட்டு மாதமாக உலகத்தில் யாருமே ஒப்புக்கொள்ளாத ஒன்றை, ஒப்புக்கொள்ள வேண்டிய வாயே பென்சிலக்காவுக்கு மூன்றடி தூரத்தில் சொல்லிவிட்டது. கண் கலங்கிக் கோடு தெரியவில்லை. ஆனால் கை நிற்கவில்லை. அது பாட்டுக்கு எழுதியது. 'பதினோரு நாள்' என்று ஒரு தரம் எழுதிவிட்டு, முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தில் இரண்டாவதைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போனாள். தம்பி சமையலறை வாசலில் நின்று, வக்கீல் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டால்தான் உண்டு, நாம் எவ்வளவு கத்தினாலும் சுவரில் முட்டிக்கொள்வதுதான் என்றாராம் அவர். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே குழம்பைக் கிளறினாள். சொல்லிவிட்டால் அவன் வக்கீலிடம் சொல்வான், வக்கீல் எழுதுவார், ரகசியம் வெளியே போனது என்று அந்த அமர்வின் பதிவையே துறை செல்லாமல் ஆக்கிவிடும். சொல்லாவிட்டால் இந்த மெலிந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது.

"ஏன்க்கா ஒண்ணுமே பேச மாட்டேங்கிற?" என்றான் அவன்.

"உப்பு போட்டேனா இல்லையான்னு யோசிக்கிறேன்டா," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி போன் செய்தாள். நாத்தனாரிடமும் பேச வேண்டும் என்றாள். அண்ணி, நீங்கள் பெரிய இடத்தில் வேலை செய்கிறீர்களே, அங்கே யாராவது எங்களைப் பற்றிப் பேசுகிறார்களா என்று வெகுளியாகக் கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு பென்சிலக்கா போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

இன்னொரு விதியும் இருந்தது. பதிவாகும் விஷயத்தில் சொந்தக்காரர் யாராவது சம்பந்தப்பட்டிருந்தால், தெரிந்த அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். அதை அவளே எத்தனையோ புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். செவ்வாய் மாலையே அவள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கொடுத்தால், அவள் எழுதிய அந்த வரியையே யாராவது சந்தேகப்படுவார்களோ என்ற பயம். அச்சாகி வந்துவிடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புதன், வியாழன் இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருந்தது.

வெள்ளிக்கிழமை திருத்தத் தாள் வந்தது. சாட்சி சொன்னவருக்குப் பதிவை அனுப்பி, வாய்தவறி வந்தது ஏதாவது இருந்தால் திருத்திக்கொள்ளச் சொல்வது முறை. தவறிய சொல்லைத் திருத்தலாம், சொன்ன விஷயத்தை மாற்ற முடியாது. எல்லைத் துறை ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தது. 'பக்கம் இருபத்தேழு, வரி ஒன்பது. நாள் என்பதை மணி நேரம் என்று படிக்கவும். வாய்தவறிய பிழை.'

பிரிவு அதிகாரி அவளைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். நல்ல மனிதர், ஆனால் எந்தப் பக்கமும் சாயாமல் ஓய்வுபெற வேண்டும் என்ற ஒரே லட்சியம் உள்ளவர். ஒரு தரம் சொன்னதுதானே, மணி என்று நினைத்து நாள் என்று சொல்லியிருக்கலாம், விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"சார், அவரு ஒரு தரம் சொல்லல. ரெண்டு தரம் சொன்னாரு. ஆமா போட்டுச் சொன்னாரு."

"உங்க நோட்டுல அப்படி இருக்கா?"

அவள் நோட்டைப் பிரித்தாள். அது இல்லை என்பது பிரிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். சுத்தமான, களை இல்லாத, பார்த்தவர்கள் மெச்சும் வரி. எந்தக் கையெழுத்துக்காக அவளை ஊர் கொண்டாடியதோ அதே கை, தம்பியின் வாழ்வுக்கு இருந்த ஒரே சாட்சியில் பாதியை வெட்டிப் போட்டிருந்தது.

"இல்ல சார். நான்தான் விட்டுட்டேன்."

பிரிவு அதிகாரி பெருமூச்சு விட்டார். அப்படியானால் நாம் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுந்தால் முடிந்தது. அந்தப் பேனா தாளைத் தொடுவதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் என் தம்பி மனைவி, செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு. என் நோட்டைத் தூக்கிப் போடுங்கள், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடம் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார். அவர் நோட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேனா மூடிக்கொண்டது. அதிகாரி திருத்தத் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"ஒட்டு நிமிஷத்துல யாரும்மா எழுதுறாங்க?"

"அவரு எழுதுவாரு சார்."

"அத உங்களுக்காகக் காட்டுவாரா?"

அதிகாரி விஷயத்தைக் குழுத் தலைவருக்கு அனுப்பினார். திங்கட்கிழமை குழு கூடும்வரை அவள் தும்மல்காரரிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார். பேசி எத்தனை வருடம் ஆகிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒட்டு நிமிடத் தாள்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று விதி கிடையாது. கிழித்துப் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. பதினான்கு வருடத்துக்கு முன் அவள் எழுதிய இரண்டு வரிக்கு அது சரியான பதிலாகவும் இருக்கும். அந்தச் சனியும் ஞாயிறும் வீட்டில் அவள் பாத்திரங்களைத் தேய்த்த தேய்ப்பில் ஒன்றின் கைப்பிடியே கழன்று வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை குழு அறை. அதே மேசை, பிடுங்கி வைத்த அதே வயர். முதலில் பென்சிலக்காவை நிற்க வைத்து அவள் வரியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தாள். சொந்தக்காரர் என்பதையும் தானே சொன்னாள். எல்லைத் துறை இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அம்மாவின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அவர் காதுக்கு எது வேண்டுமோ அதுதானே விழும் என்று இரக்கமாகச் சொன்னார். டீச்சர் தன் குறிப்புத் தாளை எடுத்தார். அன்று இருந்த நான்கு உறுப்பினரில் இரண்டு பேர் ஒரு தரம்தான் சொன்னார் என்கிறார்கள், ஒருவர் கவனிக்கவில்லை என்கிறார், எனக்கு இரண்டு தரம் என்று ஞாபகம், ஆனால் என் ஞாபகம் பதிவு ஆகாது என்றார். பிறகு தும்மல்காரரைக் கூப்பிட்டார்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே வந்தார். பென்சிலக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கக்கத்தில் ஒரு நோட்டு இருந்தது. ஒட்டு நிமிடத்தில் எழுதினீர்களா என்று கேட்டார் டீச்சர்.

"உக்காந்தா எழுதுவேன்," என்றார். சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்து, சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தார். "இயக்குநர் இடது பக்கம் பார்க்கிறார். தோளைக் குலுக்குகிறார். புருஷனோட சேர வந்த ஒரு பொண்ணு. அது ஒண்ணு மட்டும் பதினோரு நாள் போயிடுச்சு. ஆமா, பதினோரு நாள். தண்ணீர் குடிக்கிறார். டம்ளரை வைக்கிறார்."

அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தண்ணீர் குடித்ததையெல்லாம் எதற்கு எழுதினீர்கள் என்று ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

"குடிச்சாரே," என்றார் தும்மல்காரர்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தப்பா வந்த சொல்லுக்கு யாராவது ஆமா போடுவாங்களா? எங்கிட்ட படிச்ச பசங்க யாரும் தப்பான விடைக்குக் கீழ ரெண்டு கோடு போட்டதில்ல." அன்று இயக்குநர் டம்ளர் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. திருத்தம் தள்ளுபடி ஆயிற்று. பென்சிலக்காவின் குறிப்பு ஒதுக்கி வைக்கப்பட்டது. பக்கம் இருபத்தேழில் தும்மல்காரரின் குறிப்பே பதிவாக வேண்டும் என்று குழு முடிவு செய்தது. பாதுகாப்பு ரகசியம் எதுவும் இல்லாததால் அந்தப் பகுதியை அச்சிடலாம் என்றும் எழுதினார்கள்.

பென்சிலக்காவுக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. இரண்டு நாள் மறைத்ததற்காக. குழு வேலையிலிருந்து நீக்கி, அச்சான தொகுதிகளுக்குப் பொருளடக்கம் தயாரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது. மாத்திரை டப்பாவையும் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு இறங்கும்போது லிப்டில் தும்மல்காரர் ஏறினார். இரண்டு பேர் மட்டும். கதவு மூடிக்கொண்டது.

"உங்க தாள்ல நான் எழுதினது தப்பு," என்றாள் அவள், கதவைப் பார்த்தபடி. "அதத் திருத்தணும்."

"வாய்தவறி வந்ததுக்குத்தாம்மா திருத்தம்," என்றார் அவர். "நீங்க யோசிச்சு எழுதினீங்க."

கதவு திறந்ததும் அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு அந்த ஜன்னல் இல்லாத அறை வரை வந்து, மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் நின்று, "அன்னைக்கு உங்களுக்காகப் படிக்கல. எழுதியிருந்துச்சு, படிச்சேன்," என்றார். போய்விட்டார். அவர் மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் பார்த்தால் தலையசைத்தார்.

அறிக்கை அச்சாகி வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. தம்பி அவளோடு சண்டைகூடப் போட்டான். என் கஷ்டம் உனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கிறாய் என்று கத்தினான். அவள் தட்டில் சோறு போட்டாள். நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது அறிக்கை விற்பனைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவளும் வரிசையில் நின்று ஒரு பிரதி வாங்கினாள். வீட்டுக்கு வந்து, தம்பி உட்காரும் இடத்தில் பக்கம் இருபத்தேழைப் பிரித்து, காற்றில் புரளாமல் இருக்க உப்பு ஜாடியை அதன்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் திரும்பி வந்தபோது தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் அழுவது போலவே, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?" என்று கேட்டான்.

"அச்சுல வந்த அன்னைக்கு," என்றாள். அவள் வாழ்க்கையில் தம்பியிடம் சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று. மொத்தம் ரொம்ப இல்லை.

மேல்முறையீடு பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. புதிய பர்மிட் வந்தது. பென்சிலக்கா ஓய்வுபெற்று ஒன்பது நாள் ஆனபோது, தம்பி மனைவி அதே துறைமுகத்தில் இறங்கினாள். இந்த முறை வெளிக் கேட்டில் இரண்டு பேர் நின்றார்கள். முக்கால் மணி நேரத்தில் அவள் வெளியே வந்துவிட்டாள். வந்ததும் நாத்தனாரின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் புருஷனுக்கு முறை வந்தது.

மூன்று பேருமாக வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி அந்தப் பதினோரு நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லாத அறை, காலையில் எழுந்ததும் எண்ணும் ஜன்னல் கம்பிகள், ஒவ்வொரு நாளும் ஒரே அதிகாரி வந்து கேட்ட அதே ஏழு கேள்விகள். சொல்லி முடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது தரம் அந்த ஜன்னல் கம்பிகளுக்கு வந்தபோது தம்பிக்குத் தாங்கவில்லை.

"அதான் சொல்லிட்டியேம்மா. எத்தன தடவ சொல்லுவ? சாப்பிடு முதல்ல."

பென்சிலக்கா தம்பி மனைவியின் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஈ விழாமல் ஒரு மூடியைப் போட்டு மூடினாள்.

"நீ சும்மா இருடா," என்றாள். "நீ சொல்லும்மா. எத்தன கம்பி?"